டெக்சாஸ் தடய அறிவியல் ஆணையம்: ஏன் வாய் திறக்கவில்லை, சட்டத்தைத் திருத்திய பின் என்ன மாறியது?

கேள்வி இதுதான்: டெக்சாஸில் கேமரன் டாட் வில்லிங்ஹாமுக்குத் தப்பான தீ விசாரணையை நம்பி மரண தண்டனை கொடுத்தார்கள் என்கிறார்கள், அதை ஆராய ஒரு அரசு ஆணையமே இருந்தது, அப்படியிருந்தும் அது ஏன் "இவர் குற்றம் செய்யவில்லை" என்று சொல்லவில்லை? பிறகு சட்டமன்றம் அந்த ஆணையத்தின் சட்டத்தை மாற்றி எழுதியதே, அதனால் உண்மையில் ஏதாவது மாறியதா, இல்லை கண்துடைப்பா?

முதல் பாதிக்குச் சுருக்கமான பதில்: சொல்ல முடியாதபடி ஆணையத்தின் கையைக் கட்டிப் போட்டார்கள். இரண்டாவது பாதிக்கு: நிறையவே மாறியது, ஆனால் நீங்கள் எதிர்பார்க்கிற இடத்தில் இல்லை. பொதுவாக இப்படிப்பட்ட ஆணையங்களைப் பற்றிப் பேசும்போது அதன் நோக்கம், லட்சியம் என்றே பேசிக்கொண்டிருப்போம். என்னைக் கேட்டால் முகவுரையை விட்டுவிட்டு நேராக நான்கு விஷயங்களைப் பார்க்கச் சொல்வேன். உறுப்பினரை யார் நியமிக்கிறார், பணம் எங்கிருந்து வருகிறது, எந்தத் தேதிக்குப் பிந்தைய வழக்குகளைத் தொடலாம், யாரும் புகார் தராமலேயே தானாக ஆரம்பிக்க முடியுமா. இந்த ஆணையம் அடி வாங்கியதும் எழுந்து நின்றதும் இந்த நாலு இடத்தில்தான்.

கதை ஹ்யூஸ்டனில் ஆரம்பிக்கிறது. 2002 கடைசியில் ஒரு உள்ளூர் டிவி சேனல் ஹ்யூஸ்டன் போலீஸ் ஆய்வகத்தின் டிஎன்ஏ வேலையைத் தோண்டியெடுத்தது. தணிக்கைக்குப் போனவர்கள் பார்த்ததில் அந்தப் பிரிவையே மூட வேண்டியதாயிற்று. பதினாறு வயதில் பாலியல் வன்முறை வழக்கில் சிக்கிய ஜொசையா சட்டன் என்ற இளைஞர், அந்த ஆய்வகத்தின் தவறான டிஎன்ஏ முடிவால் சிறையில் இருந்தவர், 2003-ல் வெளியே வந்தார். ஆய்வகம் போலீஸுக்குச் சொந்தம், தப்பு நடந்தால் விசாரிப்பதும் போலீஸ் என்றால் எப்படி உருப்படும்? 2005-ல் சட்டமன்றம் டெக்சாஸ் தடய அறிவியல் ஆணையத்தை உருவாக்கியதற்கு இது ஒரு காரணம். இன்னொரு காரணம் கொஞ்சம் லௌகீகமானது. தடய ஆய்வகங்களுக்கு மத்திய அரசு தரும் மானியம் வேண்டுமானால், முறைகேடுகளை விசாரிக்க வெளியில் ஒரு சுதந்திரமான அமைப்பு இருக்க வேண்டும் என்று 2004-ல் நிபந்தனை வந்திருந்தது. நீதி மீதான பற்றும் மானியத்தின் மீதான பற்றும் சேர்ந்து பெற்ற பிள்ளை இந்த ஆணையம் என்று சொன்னால் தப்பில்லை.

பெற்றார்களே தவிர சோறு போடவில்லை. 2007 வரை உருப்படியாக நிதியே ஒதுக்கவில்லை. ஒன்பது உறுப்பினர்கள்: நாலு பேரை கவர்னர், மூன்று பேரை துணை கவர்னர், இரண்டு பேரை அட்டர்னி ஜெனரல் (மாநில அரசின் தலைமைச் சட்ட அதிகாரி) நியமிப்பார்கள். பதவிக்காலம் இரண்டே வருடம். இந்த "இரண்டே வருடம்" என்பதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலைக்கு ஆகும்.

இப்போது வில்லிங்ஹாம். 1991 டிசம்பர் 23, கோர்சிகானா என்ற சின்ன ஊர். வீடு தீப்பிடித்து அவருடைய மூன்று பெண் குழந்தைகளும் இறந்துபோனார்கள், மூத்தவளுக்கு இரண்டு வயது, மற்ற இருவரும் ஒரு வயது இரட்டையர். அப்பா தப்பித்துவிட்டார், அதுவே ஊர்க்கண்ணில் முதல் சந்தேகம். உள்ளூர் தீயணைப்பு அதிகாரியும் மாநிலத் தீ விசாரணை அதிகாரியும் வந்து வீட்டைப் பார்த்துவிட்டு, யாரோ எரிபொருளை ஊற்றிக் கொளுத்தியிருக்கிறார்கள் என்றார்கள். 1992-ல் தண்டனை, 2004 பிப்ரவரி 17-ல் ஊசி போட்டு நிறைவேற்றினார்கள்.

அவர்கள் எதைப் பார்த்து அப்படிச் சொன்னார்கள் என்பதைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஆணையத்தின் மொத்தச் சண்டையும் இதைச் சுற்றித்தான். ஜன்னல் கண்ணாடியில் சிலந்தி வலை மாதிரி மெல்லிய விரிசல்கள் இருந்தன. எரிபொருள் ஊற்றியதால் சூடு சடாரென்று ஏறியதன் அடையாளம் அது என்று அந்தக் காலத்துத் தீ விசாரணையாளர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தார்கள், யாரும் சோதித்துப் பார்த்ததில்லை. சோதித்துப் பார்த்தபோது என்ன தெரிந்தது என்றால், சூடான கண்ணாடியின் மேல் தீயணைப்பு வீரர் தண்ணீர் பீய்ச்சினாலே அப்படி விரிசல் விடும். அடுத்து, தரையில் குளம் குளமாகக் கருகிய தடங்கள். திரவம் ஓடிய வழி என்றார்கள். ஆனால் ஒரு அறையில் தீ முற்றி, கூரையடியில் தேங்கும் சூட்டில் அறையிலுள்ள எல்லாமே ஒரே நேரத்தில் பற்றிக்கொள்ளும் கட்டம் ஒன்று உண்டு. அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டால் ஒரு சொட்டு எரிபொருள் இல்லாமலே தரையில் அதே தடம் விழும். ஆய்வகத்துக்கு அனுப்பிய மாதிரிகளில் எரிபொருள் இருந்தது ஒரே ஒரு இடத்தில், முன்வாசல் பக்கம். அந்த முன் திண்ணையில்தான் கரி அடுப்பும் அதைப் பற்றவைக்கும் திரவமும் இருந்தன.

தண்டனைக்குச் சில நாட்கள் முன்னால் ஜெரால்ட் ஹர்ஸ்ட் என்ற வேதியியலாளர் இதையெல்லாம் எழுதிக் கொடுத்தார். அது கருணை மனு வாரியத்துக்கும் கவர்னர் ரிக் பெர்ரியின் அலுவலகத்துக்கும் போனது. ஒன்றும் நடக்கவில்லை. கொடுமை என்னவென்றால் அதே வருடம் அக்டோபரில், ஏறக்குறைய இதே மாதிரியான தீ வழக்கில் மரண தண்டனைக் கொட்டடியில் 17 வருடம் கிடந்த எர்னஸ்ட் வில்லிஸ் என்பவரை டெக்சாஸ் விடுதலை செய்தது. அங்கே அரசு வழக்கறிஞர் ஹர்ஸ்ட் சொன்னதைக் காதில் வாங்கினார், அவ்வளவுதான் வித்தியாசம்.

2006-ல் தப்பாகத் தண்டிக்கப்பட்டவர்களுக்காக வாதாடும் இன்னசென்ஸ் ப்ராஜெக்ட் என்ற அமைப்பு இந்த இரண்டு வழக்கையும் சேர்த்து ஆணையத்தில் புகார் கொடுத்தது. ஆணையம் கிரெய்க் பெய்லர் என்ற தீ விஞ்ஞானியை வேலைக்கு எடுத்தது. 2009 ஆகஸ்டில் அவர் அறிக்கை வந்தது, வேண்டுமென்றே கொளுத்தியது என்ற முடிவுக்கு அறிவியல் ஆதாரமே இல்லை என்று. அக்டோபர் 2-ம் தேதி அவரை நேரில் கூப்பிட்டு விசாரிப்பதாக ஏற்பாடு.

செப்டம்பர் 30, அதாவது கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால், பெர்ரி ஆணையத்தின் தலைவர் சாம் பாசெட்டையும் இன்னும் இரண்டு பேரையும் மாற்றினார். சட்டப்படி இதில் ஒரு குற்றமும் கண்டுபிடிக்க முடியாது, அவர்களுடைய இரண்டு வருடப் பதவிக்காலம் அந்த மாதத் தொடக்கத்தில்தான் முடிந்திருந்தது. இதனால்தான் அந்த இரண்டு வருடத்தை நினைவில் வைக்கச் சொன்னேன். யாரையும் நீக்கத் தேவையில்லை, நீட்டிக்காமல் இருந்தாலே போதும். பெர்ரிக்கு அடுத்த மார்ச்சில் வேட்பாளர் யார் என்று முடிவு செய்யும் கடுமையான தேர்தல் கட்சிக்குள்ளேயே இருந்தது; தான் கவர்னராக இருந்து அனுமதித்த ஒரு மரண தண்டனை தப்பு என்று ஒரு அரசு அமைப்பே சொன்னால் என்ன ஆகும் என்று யோசிக்க ராஜதந்திரி ஆக வேண்டியதில்லை. கவர்னர் தரப்பு வழக்கறிஞர்கள் தன்னை அழைத்து இந்த விசாரணை பற்றி அழுத்தம் கொடுத்தார்கள் என்று பாசெட் பிறகு வெளிப்படையாகவே சொன்னார். பெர்ரி தரப்பு அதை மறுத்தது.

புதுத் தலைவராக வந்தவர் ஜான் பிராட்லி, வில்லியம்சன் கவுண்டியின் மாவட்ட அரசு வழக்கறிஞர். அவர் முதலில் செய்த காரியம் அந்த அக்டோபர் 2 கூட்டத்தை ரத்து செய்தது. பிறகு விதிமுறை வகுக்க வேண்டும், அதிகார வரம்பைத் தெளிவாக்க வேண்டும் என்று மாதங்கள் ஓடின. வில்லிங்ஹாமை "குற்றம் செய்த அரக்கன்" என்று அவர் பத்திரிகையிடம் சொன்னதும் இந்தக் காலத்தில்தான். விசாரிக்கிற அமைப்பின் தலைவர் விசாரணை முடியுமுன் இப்படிப் பேசலாமா என்று கேட்டால், பேசக்கூடாது என்று அந்தச் சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை!

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும், ஆணையத்திலிருந்த விஞ்ஞானிகள் அவ்வளவு எளிதாக மடங்கவில்லை. தலைவர் ஒரு பக்கம் இழுத்தார், அவர்கள் வேறு பக்கம் வாக்களித்தார்கள். 2011 ஏப்ரலில் வந்த அறிக்கை வில்லிங்ஹாம் குற்றவாளியா இல்லையா என்பதைத் தொடவில்லை, ஆனால் தீ விசாரணையை எப்படி நடத்த வேண்டும், பழைய வழக்குகளை எப்படித் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று நீளமான பரிந்துரைகளைக் கொடுத்தது. செய்தித்தாள்கள் அன்றைக்கு இதை ஏமாற்றம் என்று எழுதின. நான் அப்படிச் சொல்ல மாட்டேன், ஏனென்றால் பின்னால் வேலை செய்தது அந்தப் பரிந்துரைகள்தான்.

பிராட்லி எப்படிப் போனார் என்பது டெக்சாஸ் அரசியலில் ரசிக்கத்தக்க ஒரு கட்டம். கவர்னர் நியமித்தவரை செனட் உறுதி செய்ய வேண்டும், அதற்கு மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். 31 பேர் கொண்ட செனட்டில் அப்போது பெர்ரிக்கு எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சிக்காரர்கள் 12 பேர், தடுக்க அது போதும். 2011 மே மாத இறுதியில் கூட்டத்தொடர் முடிந்தது, உறுதி செய்யும் வாக்கெடுப்பே நடக்கவில்லை, பதவி தானாகப் பறிபோனது. அவர் இடத்துக்கு டாரண்ட் கவுண்டியின் தலைமை மருத்துவப் பரிசோதகர் நிஜாம் பீர்வானி வந்தார். அதே வருடம் அக்டோபரில் இன்னொரு இடி. மனைவியைக் கொன்றதாக ஏறக்குறைய 25 வருடம் சிறையிலிருந்த மைக்கேல் மார்ட்டன் டிஎன்ஏ சோதனையால் விடுதலையானார், அந்தச் சோதனையை வருடக்கணக்கில் நீதிமன்றத்தில் எதிர்த்து நின்ற அரசு வழக்கறிஞர் இதே பிராட்லி. அடுத்த வருடக் கட்சித் தேர்தலில் தோற்றுப்போனார்.

ஆனால் அவர் போகுமுன் கேட்டுவைத்த ஒரு கேள்வி ஆணையத்தின் கழுத்தைப் பிடித்தது. ஆணையத்தின் அதிகாரம் எதுவரை என்று அட்டர்னி ஜெனரலிடம் கருத்து கேட்டிருந்தார்கள். 2011 ஜூலையில் கிரெக் ஆபட் (இன்றைய கவர்னர்) பதில் கொடுத்தார்: ஆணையச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2005 செப்டம்பர் 1, அதற்கு முன்னால் சோதிக்கப்பட்ட அல்லது நீதிமன்றத்தில் வைக்கப்பட்ட ஆதாரத்தை ஆணையம் விசாரிக்க முடியாது. அதோடு அரசு அங்கீகாரம் பெற்ற ஆய்வகங்கள் வரைதான் கை நீளும். வில்லிங்ஹாம் விசாரணை 1992. தீ விசாரணையாளர்கள் எந்த அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்திலும் சேராதவர்கள். இரண்டு கதவும் ஒரே நாளில் சாத்தப்பட்டன. அந்த அக்டோபரில் ஆணையம் கோப்பை மூடியது. உங்கள் முதல் கேள்விக்கு முழுப் பதில் இதுதான்.

யோசித்துப் பாருங்கள், தப்பான தீர்ப்புகள் வெளியே தெரிய இருபது வருடம் ஆகிறது, ஆனால் ஆணையத்துக்கோ பழசைத் தொட அதிகாரம் இல்லை. அப்படியே விட்டிருந்தால் அங்கீகாரம் பெற்ற, ஒழுங்காக நடக்கிற ஆய்வகங்களின் எழுத்துப் பிழைகளைத் திருத்துகிற அலுவலகமாக அது முடிந்திருக்கும்.

டெக்சாஸ் சட்டமன்றம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை 140 நாள்தான் கூடும். எனவே அடுத்த வாய்ப்பு 2013. செனட்டர் சூய் ஹினோஹோசா கொண்டுவந்த மசோதா, எண் 1238, ஆணையத்தின் சட்டத்தை அடியோடு திருத்தியது. அங்கீகாரம் இல்லாத துறைகளையும் ஓரளவுக்கு ஆராயலாம். குறிப்பிட்ட முறைகேட்டுப் புகார் வராமலேயே, ஒரு தடய முறை எவ்வளவு நம்பத்தகுந்தது என்று ஆணையம் தானாக ஆராயத் தொடங்கலாம். தேதித் தடையும் போனது. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அந்த "தானாக" என்பதுதான். புகாருக்காகக் காத்திருக்கிற அமைப்பு எப்போதும் தனித்தனி ஆட்களின் தப்பைத்தான் பார்க்கும். ஒரு துறையே தப்பு என்று சொல்ல அதற்கு வாய்ப்பே வராது.

இதற்கு ஒரு விலையும் கொடுத்தார்கள். ஒரு வழக்கில் யார் குற்றவாளி, யார் இல்லை என்று ஆணையம் தீர்மானம் சொல்லக்கூடாது என்று சட்டத்திலேயே எழுதினார்கள். ஆணையத்தின் அறிக்கையை நீதிமன்றத்தில் ஆதாரமாகவும் வைக்க முடியாது. அரசு வழக்கறிஞர்களைச் சம்மதிக்க வைக்க இது தேவைப்பட்டிருக்கும் என்பது என் ஊகம். வில்லிங்ஹாம் குடும்பத்தைப் பொறுத்தவரை இது அநியாயம், சந்தேகமே இல்லை. ஆனாலும் நான் இந்தப் பேரம் லாபம் என்றே சொல்வேன். "குற்றவாளியா இல்லையா" என்று சொல்லும் உரிமை கையில் இருந்திருந்தால், ஒவ்வொரு வழக்கிலும் 2009 செப்டம்பர் திரும்ப நடந்திருக்கும்.

நியமனத்தைப் பார்த்தால் முன்னைவிட மோசம் என்றுகூடத் தோன்றும், ஒன்பது பேரையும் இப்போது கவர்னரே நியமிக்கிறார்! ஆனால் யாரை வேண்டுமானாலும் போட முடியாது. ஏழு இடம் விஞ்ஞானிகளுக்கு, அதில் பெரும்பாலானவை குறிப்பிட்ட பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தவர்களுக்கு. வழக்கறிஞர்களுக்கு இரண்டே இடம், ஒன்று அரசுத் தரப்பு, ஒன்று எதிர்த்தரப்பு, அதுவும் அவரவர் சங்கம் கொடுக்கும் பட்டியலிலிருந்துதான். நடைமுறையில் இது பரவாயில்லாமல் ஓடுகிறது. பதவிக்காலம் இன்னும் இரண்டு வருடம்தான் என்பது எனக்குப் பிடிக்காத விஷயம்.

சரி, என்ன மாறியது?

முதலில் தீ. 2010-ல்கூட வில்லிங்ஹாம் வழக்கில் தாங்கள் சொன்னது சரி என்று பிடிவாதமாக நின்ற மாநிலத் தீ ஆணையர் அலுவலகம், 2012-ல் கிரிஸ் கானலி பொறுப்புக்கு வந்ததும் தலைகீழாக மாறியது. விஞ்ஞானிகள் குழு ஒன்றை அமைத்து, டெக்சாஸ் இன்னசென்ஸ் ப்ராஜெக்டுடன் உட்கார்ந்து பழைய தீ வழக்குகளைத் திரும்பப் பார்த்தார்கள். இது அந்த 2011 அறிக்கையின் பரிந்துரைகளிலிருந்து வந்தது. யாரும் எதிர்பார்க்காத அளவுக்கு நேர்மையான வேலை.

அடுத்து பல் தடம். 1987-ல் டல்லஸில் ஸ்டீவன் மார்க் சேனி என்பவரைக் கொலை வழக்கில் தண்டித்தார்கள். செத்தவர் கையிலிருந்த கடித்த தடம் சேனியுடையதாக இல்லாமலிருக்க பத்து லட்சத்தில் ஒரு வாய்ப்புதான் என்று பல் நிபுணர் சாட்சி சொன்னார். அந்தக் கணக்கு எங்கிருந்தும் வரவில்லை. 2015-ல் சேனி வெளியே வந்தார், 2018-ல் மாநிலத்தின் உச்ச குற்றவியல் நீதிமன்றம் அவர் நிரபராதி என்றே அறிவித்தது. இடையில் ஆணையம் இந்தத் துறையையே எடுத்து ஆராய்ந்து, கடித்த தடத்தை வைத்து ஆளை அடையாளம் காட்டும் சாட்சியத்தை நீதிமன்றங்கள் நிறுத்திவைக்க வேண்டும் என்று 2016-ல் பரிந்துரைத்தது. அமெரிக்காவில் ஒரு மாநில அமைப்பு அப்படிச் சொன்னது அதுதான் முதல் முறை. 2011 கருத்தின்படி பார்த்தால் 1987 வழக்கை அவர்கள் தொட்டிருக்கவே முடியாது.

பிறகு ஆய்வகங்கள். 2012-ல் மாநிலப் போலீஸின் ஹ்யூஸ்டன் ஆய்வகத்தில் போதைப்பொருள் சோதிக்கும் ஒரு ஊழியர் ஒரு மாதிரியின் முடிவை இன்னொரு வழக்கில் போட்டது பிடிபட்டது. அவர் கைபட்ட ஏறக்குறைய 5,000 வழக்குகள் சந்தேகத்துக்கு உள்ளாயின. ஆணையம் விசாரித்தது. அதுவரை ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் கொடுக்கும் பொறுப்பும் மாநிலப் போலீஸிடமே இருந்தது, மாநிலத்தின் மிகப் பெரிய ஆய்வக வலைப்பின்னலை நடத்துவதும் அதே போலீஸ்தான். 2015-ல் இன்னொரு மசோதா அந்த அதிகாரத்தை ஆணையத்துக்கு மாற்றியது. அதோடு ஆய்வகத்துக்கு மட்டுமில்லை, அங்கே சோதனை செய்கிற ஒவ்வொருவருக்கும் தனித்தனி உரிமம் வேண்டும் என்றது, 2019 ஜனவரி 1 முதல் இது கட்டாயம். தப்பு செய்தவர் ஓர் ஊரில் ராஜினாமா செய்துவிட்டு அடுத்த ஊரில் சேர்வது இதனால் கடினமாகிவிட்டது. சலிப்பூட்டும் நிர்வாகத் திருத்தம் போலத் தெரியும், எனக்கென்னவோ 2013-ஐவிட இதுதான் பெரிய மாற்றம். 2016-ல் ஆஸ்டின் போலீஸின் டிஎன்ஏ பிரிவில் ஆணையம் தணிக்கை செய்த பின் அந்தப் பிரிவே மூடப்பட்டது.

குறை இல்லையா என்றால் இருக்கிறது. ஆணையம் பரிந்துரைக்கலாம், நீதிபதி கேட்க வேண்டும் என்று கட்டாயமில்லை. 2013-ல் ஆணையச் சட்டத்தோடு கூடவே 11.073 என்ற இன்னொரு சட்டப்பிரிவும் வந்தது, தீர்ப்பு சொன்ன பிறகு அறிவியல் மாறியிருந்தால் சிறைவாசி புதிதாக மனு போடலாம் என்று. தாளில் அருமையாக இருக்கும். நடைமுறையில் நீதிமன்றம் அதை எவ்வளவு இறுக்கமாகப் படிக்கிறது என்பதற்கு ராபர்ட் ராபர்சன் வழக்கைப் பாருங்கள், குழந்தையைக் குலுக்கிக் கொன்றார் என்ற மருத்துவக் கருத்தின் பேரில் தண்டிக்கப்பட்டவர். 2024 அக்டோபர் 17 அன்று அவருக்குத் தண்டனை நிறைவேற இருந்தது. அந்தச் சட்டம் ஏன் வேலை செய்யவில்லை என்று விசாரிக்கிறோம், சாட்சி சொல்ல வாருங்கள் என்று சட்டமன்றக் குழு ஒன்று அவருக்கே சம்மன் அனுப்பியதால் கடைசி நேரத்தில் நின்றது. சட்டம் போட்டவர்களே நீதிமன்றத்துக்கு எதிராக இப்படி ஒரு குறுக்கு வழி தேட வேண்டியிருந்தது.

வில்லிங்ஹாமுக்கு இன்றுவரை மன்னிப்போ நிரபராதி என்ற அறிவிப்போ கிடைக்கவில்லை. 2014-ல் அவர் குடும்பத்தின் மனுவைக் கருணை வாரியம் நிராகரித்தது.

மேலே படிக்க விருப்பமிருந்தால் செய்திக் கட்டுரைகளைவிட டெக்சாஸ் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 38.01-ஐயே நேராக எடுத்துப் படியுங்கள், பெரிதாக ஒன்றுமில்லை, சில பக்கம்தான். அதில் 3-ம் பிரிவு நியமனம், 4-ம் பிரிவு விசாரணை அதிகாரம். ஒவ்வொரு பிரிவின் கடைசியிலும் எந்த வருடம் திருத்தினார்கள் என்று சின்ன எழுத்தில் இருக்கும், அந்த வருடங்களை மேலே சொன்ன கதையோடு ஒப்பிட்டுக்கொண்டே போங்கள்.